சோதிக்காத எண்ணெய்க்குப் பரிசு வேண்டாம்: பர்மியத் தமிழ்க் கல்விக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கோடை விடுமுறையில் தமிழ் வகுப்புகள் நடத்திவரும் கோயில், சங்க நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வகுப்புகளோடு மாணவர் அறிவியல் செயல்திட்டங்களையும் சேர்க்க விரும்பும் குழுக்களுக்காக இதை எழுதுகிறேன். தாவர எண்ணெயிலிருந்து டீசல் செய்வது பிள்ளைகள் ஆசையோடு எடுக்கும் திட்டம். பொன்னிறத் திரவம் ஒரு பாட்டிலில் நிற்கும், அதில் நனைத்த திரி எரியும், நாமும் கைதட்டிப் பரிசு கொடுத்துவிடுவோம். திரி நல்லெண்ணெயிலும்தான் எரியும். செய்த எண்ணெயைச் சோதித்துக் காட்டாத திட்டத்துக்குப் பரிசு இல்லை என்று நீங்கள் விதி வகுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இந்த நாட்டில் வாழும் நமக்கு இதன் காரணம் தெரியும். 2005 டிசம்பரில் அன்றைய இராணுவ அரசு, ஒவ்வொரு மாநிலமும் பிரிவும் மூன்றாண்டுகளுக்குள் 5 லட்சம் ஏக்கரில், விதை எண்ணெயிலிருந்து டீசல் எடுப்பதற்காகக் காட்டாமணக்கு நட வேண்டும் என்று உத்தரவிட்டது; 14 மாநிலங்களையும் பிரிவுகளையும் கூட்டினால் 70 லட்சம் ஏக்கர். சாலையோரம், வீட்டு வேலி, பள்ளி வளாகம் என்று எங்கும் கன்றுகள் ஊன்றப்பட்டன. பல இடங்களில் அவை பட்டுப்போயின. காய்த்த இடங்களிலோ விதையை ஆட்டவும், எண்ணெயைச் சுத்திகரிக்கவும், அது எஞ்சினுக்கு ஒத்துவருமா என்று பார்க்கவும் போதிய ஏற்பாடு இருக்கவில்லை. நடுவதில் காட்டிய அவசரத்தில் ஒரு பங்கைக்கூடச் சோதிப்பதில் காட்டவில்லை என்பது என் கருத்து.

தாவர எண்ணெயில் எஞ்சின் ஓடும் என்பதை 1900 பாரிஸ் கண்காட்சியிலேயே கடலை எண்ணெயை ஊற்றி ஓட்டிக் காட்டிவிட்டார்கள். சிக்கல் பாகுத்தன்மையில் இருக்கிறது. 40 பாகை செல்சியஸில் காட்டாமணக்கு எண்ணெய் டீசலைவிட ஏறக்குறையப் பத்து மடங்கு கெட்டியானது. எஞ்சினுக்குள் சரியாகப் பீய்ச்சாமல் கரியாகப் படியும். அதனால்தான் மெத்தனால் என்ற ஆல்கஹாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்து, 60 பாகையளவில் சூடாக்கி, கிளிசரினைப் பிரித்து எடுத்து எண்ணெயை இளக்கமாக்குகிறோம். பலமுறை பொரித்த எண்ணெயில் கொழுப்பு அமிலம் கூடியிருக்குமாகையால், அதை முன்கூட்டி அளக்காமல் காஸ்டிக் சோடாவைப் போட்டால் சோப்புக் கூழ்தான் மிஞ்சும்.

சோதனை என்றதும் பெரிய ஆய்வகத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். 27 மி.லி. மெத்தனாலில், செய்த டீசலில் 3 மி.லி. விட்டுக் குலுக்கி வைத்தால், வேதிவினை நன்றாக முடிந்திருக்கும் பட்சத்தில் கரைசல் தெளிவாக நிற்கும். டீசலாக மாறாத எண்ணெய் இருந்தால் சிறிது நேரத்தில் அடியில் துளித்துளியாகப் படியும். ஒரே பிப்பெட்டில் (திரவத்தை அளந்து விடும் குழாய்), ஒரே வெப்பநிலையில், கடை டீசலும் மாணவர் செய்ததும் வடிய எத்தனை நொடி ஆகிறது என்று குறித்தாலே பாகுத்தன்மை ஓரளவு புலப்பட்டுவிடும். தீப்பற்றும் வெப்பநிலை 101 பாகைக்குக் குறையக் கூடாது என்பது ஐரோப்பியத் தரம். செய்த டீசலை நீரால் சரியாகக் கழுவாமல் அதில் மெத்தனால் தங்கியிருந்தால் அது சரிந்துவிடும். இந்த ஒரு சோதனையைப் பிள்ளைகள் செய்ய வேண்டாம். ஏன் செய்யவில்லை என்று குறிப்பேட்டில் எழுதினால் போதும்.

மெத்தனால் தோல் வழியாகவும் உடலில் ஏறக்கூடியது, கண்பார்வையைப் பறிக்கக்கூடியது. ஆகவே அதையும் காஸ்டிக் சோடாவையும் வேதியியல் படித்த பெரியவர் ஒருவரே கையாள வேண்டும். காட்டாமணக்கு விதையும் நஞ்சு, அதன் பிண்ணாக்கும் நஞ்சு. வேலியில் கிடைக்கிறதே என்று பிள்ளைகளைப் பொறுக்க விடாதீர்கள். விழாக் காலத்தில் வடை சுட்டு மிஞ்சும் எண்ணெயை வடிகட்டி ஒரு தகரத்தில் எடுத்து வைத்தால் திட்டத்துக்கு அதுவே தாராளம்.

கூழாகிப்போன எண்ணெயை, அதன் அளவுகளோடும் அப்படியானதற்கான காரணத்தோடும் மேசையில் வைக்கும் மாணவிக்கும் முதல் பரிசு கிடைக்கலாம் என்பதை அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

பிரித்தெடுத்த கிளிசரினில் மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் கலந்திருக்கும். அதைச் சோப்பு காய்ச்ச வீட்டுக்குக் கொடுத்தனுப்பவோ சாக்கடையில் ஊற்றவோ கூடாது. யார் பொறுப்பேற்று அப்புறப்படுத்துவார் என்பதை வகுப்பு தொடங்கும் முன்பே குழு கூடி முடிவு செய்து எழுதி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
யாங்கோனிலிருந்து ஒரு வேதியியல் ஆசிரியர்