ஓரத்தை வெட்டாத படம் வேண்டும்

அன்புள்ள மகளுக்கு,

போன ஞாயிறு பேசும்போது, "பிரைட்டனில இப்ப என்னப்பா இருக்கு, நான் வளர்ந்த ஊர் மாதிரியே இல்லையே" என்றாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. உனக்குத்தான் தெரியுமே, எனக்கு எதுவும் போனை வைத்த பிறகுதான் ஞாபகம் வரும்.

ஜேம்ஸ் கிரே என்று ஒருவர் இருந்தார். இங்கே இங்கிலாந்துக் கடற்கரையில் பிரைட்டன், பக்கத்து ஹோவ் தெருக்களின் பழைய படங்களைத் தேடித் தேடிச் சேர்த்து, ஒவ்வொன்றும் எந்த இடம் என்று குறிப்பு எழுதி வைத்த மனிதர். 7,500 படங்களுக்கு மேல். ஊரின் பழைய கட்டடங்களுக்காகப் பாடுபடும் ரீஜென்சி சொசைட்டி அதையெல்லாம் இணையத்தில் போட்டிருக்கிறது. இந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு அதுதான் வேலை. தேநீர் ஆறிப்போகிறது என்று அம்மா தினமும் கத்துகிறாள்.

லூயிஸ் ரோட் டிப்போவில் 22 வருடம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ்ஸை எடுத்தவன் நான். அது டிராமுக்காகக் கட்டிய இடம் என்று படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். 1901 முதல் 1939 வரை டிராம் ஓடியதாம். சர்ச்சில் ஸ்கொயர் இருக்கும் இடத்தில் ரஸல் ஸ்ட்ரீட், ஆர்ட்டிலரி ஸ்ட்ரீட் என்று நெருக்கமான சின்னத் தெருக்கள். அவற்றை இடித்துத்தான் 1968இல் நீ சின்ன வயதில் பார்த்த அந்தக் கான்கிரீட் கடைத்தொகுதியைத் திறந்தார்கள். பிறகு அதையும் இடித்துவிட்டு 1998இல் இப்போது உள்ளதைத் திறந்தார்கள். நீ இழந்ததாகச் சொல்லும் ஊரே, வேறு யாரோ இழந்த ஊரின் மேல் நின்றதுதான். அதற்காக உன் கவலை பிழை என்று சொல்லவில்லை. எனக்கும் அந்தக் கவலை இருக்கிறது.

அப்புறம் நம் ஆல்பங்களை எடுத்தேன். அங்கேதான் எனக்கு வெட்கமாகிவிட்டது. இத்தனை வருடம் கேமரா வைத்திருந்தும் தெருவை நான் ஒரு தடவைகூட எடுக்கவில்லை! எல்லாம் ஆட்கள்தான். சரி, ஆட்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று லென்ஸ் வைத்துப் பார்க்கத் தொடங்கினேன்.

1987 அக்டோபர் புயலுக்கு மறுநாள் எடுத்த படம் ஒன்று. நாங்கள் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. சேலைக்கு மேல் என் கோட்டைப் போட்டுக்கொண்டு, லெவல் பூங்காவில் விழுந்து கிடக்கும் எல்ம் மரத்தின் வேர்ப்பக்கம் அம்மா நிற்கிறாள். வேர் அவள் தலைக்கு மேல் நிற்கிறது. புயல் அடித்த இரவில்தான் பெவிலியன் அரண்மனையின் மினார் கோபுரத்திலிருந்து ஒரு கல் உருண்டை கூரையைப் பிய்த்துக்கொண்டு இசை மண்டபத்துக்குள் விழுந்தது. "இந்த ஊருக்கா கூட்டி வந்தீங்கள்" என்று அம்மா அன்றைக்குக் கேட்டாள். இப்போது வேறு எங்கும் வரமாட்டேன் என்கிறாள்.

இன்னொன்றில் உனக்கு ஆறு வயது. ஐஸ்கிரீம் முழங்கை வரை வழிந்திருக்கிறது. உனக்குப் பின்னால் பழைய சர்ச்சில் ஸ்கொயரின் கான்கிரீட் சிற்பம், பாதிதான் தெரிகிறது. ஊரில் பலருக்கு அது பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. ஆனால் இன்று அந்தப் பாதியைத்தான் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி நான் கேட்க வந்த விஷயம். கடற்கரைக் கூழாங்கல் மேல் நீ சிவப்பு பூட்ஸோடு நிற்கும் படம், 1993. உன் கல்யாணத்துக்குத் திரையில் காட்ட அதைக் கொடுத்தோம். வேலை செய்த ஆள் உன்னை மட்டும் வைத்துக்கொண்டு இடப்பக்கத்தை வெட்டிவிட்டான். அந்த இடப்பக்கத்தில் வெஸ்ட் பியர், கடலுக்குள் நீண்ட அந்தப் பழைய பொழுதுபோக்குப் பாலம், இருந்தது. 1975இலேயே மூடிவிட்டார்கள் என்றாலும், மண்டபமும் கூரையுமாக நின்றது. 2002 டிசம்பர் புயலில் சரிந்து, அடுத்த வருடம் இரண்டு முறை எரிந்து, இப்போது கடலுக்குள் இரும்பு எலும்புக்கூடுதான். தீப்பிடித்த அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்து நீ அழுதது உனக்கு நினைவிருக்கிறதா? குளிர்காலத்தில் மைனாக் கூட்டம் மாதிரி அந்த ஸ்டார்லிங் பறவைகள் இன்னமும் அதன் மேலே சுழல்கின்றன.

மூலப்படம் உன்னிடம்தான் இருக்கும், மெல்போர்னுக்குக் கொண்டுபோன பிஸ்கட் டின்னில். தேடிப் பார். வெட்டாமல், திருத்தாமல், நாலு ஓரமும் தெரிகிற மாதிரி ஸ்கேன் செய்து அனுப்பு. பின்பக்கம் அம்மா ஏதாவது எழுதியிருந்தால் அதையும் சேர்த்து.

நான் நாளை லண்டன் ரோட்டுக்குப் போகிறேன். உனக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்கிய கோ-ஆப் கடையின் முன்சுவரை மட்டும் விட்டுவிட்டு, பின்னால் மாணவர்களுக்கு அறைகள் கட்டியிருக்கிறார்கள் அல்லவா, அதை எடுக்க வேண்டும். பக்கத்துக் கடைகளையும் எடுப்பேன். யாரையும் முன்னால் நிறுத்தப் போவதில்லை. அம்மாவும் வருகிறாளாம், அதனால் அது எவ்வளவு நடக்கும் என்று தெரியவில்லை.

அன்புடன்,
அப்பா