சுழலாத ஃபேனைச் சோதித்துவிட்டு ‘சத்தம் இல்லை’ என்றால் எப்படி?

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 650 வாட் எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஃபேன் சத்தம் தொடர்பான உத்தரவாதக் கோரிக்கையை, குறை இல்லை என்று திருப்பி அனுப்பியது குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் 650 வாட் கோல்டு தர எஸ்.எம்.பி.எஸ்ஸை வாங்கி, நானே அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்பில் பயன்படுத்தி வருகிறேன். பெட்டியின் மேல் 7 ஆண்டு உத்தரவாதம் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இரண்டு ஆண்டுகூட முடியவில்லை, சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. மதுரையிலிருந்து சென்னையில் உள்ள உங்கள் சர்வீஸ் சென்டருக்கு என் செலவில் கூரியர் அனுப்பினேன். “சோதித்தோம், குறை இல்லை. காயில் வைன் (உள்ளிருக்கும் கம்பிச் சுருளின் கீச்சொலி) இயல்பானது, உத்தரவாதத்தில் வராது” என்று ஒரு துண்டுச் சீட்டோடு அதே பொருள் திரும்பி வந்திருக்கிறது. அந்தச் சீட்டை நான் ஏற்கவில்லை. காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான்; தொழில்நுட்பம் தெரிந்த ஒருவரிடம் இதைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் நல்லது.

முதலில், அது என்ன சத்தம் என்று சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் டைப் அடிக்கும்போதோ படம் பார்க்கும்போதோ ஒன்றும் கேட்காது. கேம் விளையாடினாலோ வீடியோ ரெண்டர் போட்டாலோ சில நிமிடங்களில் தொடங்கும். சைக்கிள் சக்கரக் கம்பியில் அட்டைத் துண்டைச் செருகிக்கொண்டு சிறுவர்கள் ஓட்டுவார்களே, அந்த மாதிரி டர்ர்ர் என்று தொடர்ந்து தட்டும். கேமை மூடினாலும் உடனே அடங்காது. சற்று நேரம் ஓடிவிட்டு, வேகம் குறைந்து, நான்கைந்து தட்டல்களோடு நிற்கும்.

சொந்தமாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் ஒரு வசதி உண்டு, சந்தேகம் வந்த பாகத்தைத் தனியாக நிறுத்திப் பார்க்கலாம். கேபினெட் ஃபேன்களின் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றினேன், சத்தம் போகவில்லை. ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு கேபிள்களையும் எடுத்தேன், அப்போதும் போகவில்லை. பிராசசர் கூலரின் ஃபேனைச் சில நொடிகள் மட்டும் நிறுத்திப் பார்த்தேன், அதுவும் இல்லை. கிராபிக்ஸ் கார்டின் ஃபேன்களை அதன் மென்பொருளிலேயே பூஜ்யத்துக்கு இறக்கினேன், சத்தம் அப்படியே இருந்தது. சமையலறை ஃபாயில் தாள் தீர்ந்த அட்டைக் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை கேபினெட்டிலும் வைத்து நகர்த்திக்கொண்டே போனால், அடியில் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். அருகே வந்ததும் சத்தம் காதைக் குடைகிறது.

கிராபிக்ஸ் கார்டையே கழற்றிவிட்டு மதர்போர்டின் டிஸ்ப்ளேயில் ஓட்டினால் சத்தம் முழுதாகப் போய்விடும். “அப்போ கார்டுதான் சார் பிரச்சினை” என்று உங்கள் ஊழியர் போனில் சொன்னார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் எஸ்.எம்.பி.எஸ். சுமை குறைவாக இருக்கும்வரை ஃபேனைச் சுழற்றவே சுழற்றாத வகை. ஏறத்தாழ 40 சதவீதச் சுமைக்கு மேல்தான் ஃபேன் ஓடும் என்று உங்கள் கையேட்டிலேயே வரைபடம் இருக்கிறது. 650 வாட்டில் அது 260 வாட். கார்டைக் கழற்றினால் மீதி கம்ப்யூட்டர் அந்த அளவை நெருங்காது. அதனால் ஃபேன் ஓடவில்லை, சத்தமும் இல்லை. இதை உறுதிப்படுத்த நண்பரின் எஸ்.எம்.பி.எஸ்ஸை அதன் சொந்த கேபிள்களோடு வாங்கி வந்து, அதே கார்டை மாட்டி ஓட்டினேன். சத்தம் இல்லை. என்னுடையதை அவர் கம்ப்யூட்டரில் மாட்டினோம். அங்கே டர்ர்ர் என்றது.

அடுத்து காயில் வைன். காயிலில் ஓடும் மின்னோட்டம் வேகமாக மாறும்போது காயில் அதிர்ந்து எழுகிற மெல்லிய கீச்சுக் குரல் அது. கேமில் வினாடிக்குக் காட்டும் ஃபிரேம் (படம்) எண்ணிக்கை மாறினால் பெரும்பாலும் அதன் சுருதியும் மாறும். 60 ஃபிரேமுக்குப் பூட்டியும், பூட்டை எடுத்துவிட்டும் பார்த்தேன். என் சத்தம் இம்மியும் மாறவில்லை. பிறகு போனில் பதிவு செய்து ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்தேன். சீரான இடைவெளியில் வினாடிக்குச் சுமார் 15 தட்டல்கள் தெரிகின்றன. ஒரு சுற்றுக்கு ஒரு தட்டல் என்று வைத்தால் நிமிடத்துக்கு 900 சுற்று. ஒரு ஃபேன் சாதாரணமாக ஓடுகிற வேகம்தான் அது. 7200 சுற்று ஹார்ட் டிஸ்க் என்றால் வினாடிக்கு 120 வர வேண்டும். காயில் வைனோ பெரும்பாலும் ஆயிரக்கணக்கில் அதிரும். உண்மையிலேயே காயில் வைனாக இருந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அது ஓரளவு எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருப்பதுதான்.

இப்போது உங்கள் சோதனைக்கு வருகிறேன். எப்படிச் சோதித்தீர்கள் என்று கேட்டேன். “டெஸ்டர்ல போட்டுப் பாத்தோம் சார், வோல்டேஜ் எல்லாம் கரெக்டா இருக்கு” என்றார்கள். லோடு கொடுத்தீர்களா என்றால், “அதெல்லாம் தேவையில்லை சார்” என்று பதில். டெஸ்டரில் வைத்தால் சுமை கிட்டத்தட்டப் பூஜ்யம். ஃபேன் சுழன்றே இருக்காது. சுழலாத ஃபேனில் சத்தம் எப்படி வரும்? இத்தனைக்கும் பொருளின் பின்பக்கம் ஃபேனை எப்போதும் ஓடவிடுவதற்கு ஒரு பொத்தானை நீங்களே வைத்திருக்கிறீர்கள். அதை அழுத்தினால் கேமும் வேண்டாம், கார்டும் வேண்டாம், ஆன் செய்த சில நொடிகளில் தட்ட ஆரம்பித்துவிடும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். என் கேபினெட்டில் ஃபேன் தரையைப் பார்த்து இருக்கிறது. மேஜையில் ஃபேன் மேலே பார்த்தபடி வைத்தால் சத்தம் பாதியாகக் குறைகிறது. பேரிங் தேய்ந்து அச்சு ஆடுவதற்கு இதைவிட அறிகுறி வேண்டுமா என்று தெரியவில்லை.

பிரித்து பேரிங்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடச் சொல்லி யோசனை தந்தவர்கள் உண்டு. பிரித்தால் உத்தரவாதம் போகும். அதைவிட, அணைத்த பிறகும் உள்ளே கெபாசிட்டரில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கலாம் என்பது உங்களுக்கும் தெரியும். அந்த வேலை என்னுடையது இல்லை.

இன்னொன்று. நான் அனுப்பிய கேபிள்களில் ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா கேபிள் ஒன்று மாறி வந்திருக்கிறது. கழற்றி மாட்டும் வகை (மாடுலர்) கேபிளின் எஸ்.எம்.பி.எஸ். பக்கத்துப் பின் அமைப்பு மாடலுக்கு மாடல் வேறுபடும், தவறானதை மாட்டினால் ஹார்ட் டிஸ்க் புகைந்துவிடலாம். ஒயரின் தடிமனும் இணைப்பானின் நிறமும் வேறாக இருந்ததால் நான் கவனித்தேன். எல்லா வாடிக்கையாளரும் கவனிப்பார்கள் என்று சொல்ல முடியாது. சத்தத்தைவிட இதுதான் எனக்கு அதிகக் கோபம்.

எனவே இந்த எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றித் தர வேண்டும், அதற்குரிய முழு கேபிள் செட்டோடு. ஏற்கெனவே நான் கட்டிய கூரியர் செலவைத் திருப்பித் தர வேண்டும். இந்த முறை எடுத்துச் செல்லும் ஏற்பாடும் உங்களுடையதாக இருக்கட்டும். மறுபடி சோதித்துத்தான் ஆக வேண்டும் என்றால் அந்தப் பொத்தானை அழுத்தி, ஃபேன் கீழே பார்க்க வைத்து, வீடியோ எடுத்து அனுப்புங்கள்.

15 நாளில் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதிலும் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது.

பில் நகல், ஒலிப்பதிவு, உங்கள் சீட்டின் படம், மாறி வந்த கேபிளின் படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். பதிலை மின்னஞ்சலில் எழுதியே அனுப்புங்கள், போனில் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மதுரை.