திருகோணமலைக் கடலில் திமிங்கிலப் படகுகளுக்கு ஒழுங்கு வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வாடைக்காற்று ஓய்ந்து கிழக்குக் கடல் அடங்கும் பங்குனி மாதம் தொடக்கம் ஆவணி வரை திருகோணமலைக்கு வருகின்ற சுற்றுலாப் பயணிகளில் கணிசமானோர் இப்போது கோணேசர் கோயிலையும் கன்னியா வெந்நீரூற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதில்லை. திமிங்கிலம் பார்ப்பதற்கும் ஒரு காலைப்பொழுதை ஒதுக்குகிறார்கள். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடிகின்ற நேரத்திலேயே படகுகள் புறப்பட்டுவிடுகின்றன. இத்தொழில் இங்கே வேரூன்ற வேண்டும் என்று விரும்புகிறவர்களில் நானும் ஒருவன். ஆனால், ஒரு திமிங்கிலத்தை எத்தனை படகுகள், எவ்வளவு தூரத்தில், என்ன வேகத்தில் அணுகலாம் என்பதைக் கடலில் நின்று கண்காணிக்க ஆளில்லாமல் படகுகளின் தொகை மட்டும் கூடிக்கொண்டு போகுமானால், எதைக் காட்டிப் பிழைக்கிறோமோ அதையே இந்தக் கரையிலிருந்து விரட்டிவிடுவோம் என்ற அச்சத்தை உங்கள் பத்திரிகை வாயிலாக உரியவர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

திருகோணமலையின் வாய்ப்பு அதன் கடலடியில் இருக்கிறது. துறைமுகத்தின் வாயிலிலிருந்தே ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி, கரைக்கு மிக அருகிலேயே ஆயிரம் மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. வேறு நாடுகளில் பெரிய கப்பலேறி நெடுந்தூரம் போய்த் தேட வேண்டிய நீலத் திமிங்கிலத்தையும், ஆழத்தில் கணவாய் வேட்டையாடும் ஸ்பேர்ம் திமிங்கிலத்தையும் இங்கே ஒரு சிறிய என்ஜின் படகில் போய்ப் பார்த்துவிட்டுக் காலைச் சாப்பாட்டுக்குத் திரும்ப முடிவது அதனால்தான். வானம் தெளிந்திருக்கும் நாட்களில் கோணேசர் கோயில் அமைந்த சுவாமிமலையின் உச்சியில் நின்றபடியே அவை மூச்சு விடுவதைப் பார்த்தவர்கள் பலர் இந்த ஊரில் உண்டு. 1980களின் முற்பகுதியில் 'துலிப்' என்ற பாய்மரக் கப்பலில் வந்த ஆய்வாளர்கள் இக்கடலின் திமிங்கிலங்களைப் பற்றி எழுதத் தொடங்கினார்கள். பிறகு போர் வந்தது, கடல் எங்களுக்கே மூடப்பட்டது. போர் முடிந்த 2009க்குப் பின்னர் தெற்குக் கரையிலுள்ள மிரிஸ்ஸவில் இத்தொழில் வேகமாக வளர்ந்தபோது நாங்கள் பின்தங்கி நின்றோம். பின்தங்கியதில் ஒரு நன்மை உண்டென்றால், தெற்கில் நடந்ததைப் பார்த்து முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்ளும் அவகாசம் இன்னும் கொஞ்சம் எங்களிடம் இருக்கிறது என்பதே.

இந்தத் திமிங்கிலங்களை வந்துபோகும் விருந்தாளிகள் என்று பலர் நினைக்கிறார்கள். உலகின் பெரும்பாலான நீலத் திமிங்கிலங்கள் துருவத்தை அண்டிய குளிர்நீரில் இரைதேடி, வெப்பநீரில் குட்டி ஈனும் வழக்கமுடையவை. நம் கடலில் உள்ளவை அப்படியல்ல. அவை ஆண்டு முழுவதும் வட இந்து சமுத்திரத்திலேயே தங்கி, இங்கேயே இரைதேடி, இங்கேயே பெருகுகின்றன. நம் நாட்டுக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வொஸ் 2003இல் நீர்ப்பரப்பில் மிதந்த திமிங்கிலக் கழிவைக் கண்டு, இவை இந்த வெப்பக் கடலிலேயே உணவுண்ணுகின்றன என்பதை உணர்ந்ததிலிருந்து இந்த ஆய்வு வளர்ந்தது. இங்கே தொல்லை கூடினால் அவற்றுக்குப் போக வேறு வீடில்லை என்பதை இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். 1960களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் அரபிக்கடல் பக்கம் சட்டத்துக்குப் புறம்பாக 1,200க்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கொன்றன. ஒரு தாய் ஏறத்தாழ ஓராண்டு சுமந்து ஒரு குட்டியை ஈன்று, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் மறுபடி கருவுறும் இனம், அந்த இழப்பிலிருந்து அவ்வளவு எளிதில் மீண்டுவிடாது. 1979இல் இந்து சமுத்திரம் திமிங்கிலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பின்னரும் நீலத் திமிங்கிலம் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் செம்பட்டியலில்தான் நீடிக்கிறது.

கடலில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நீலத் திமிங்கிலம் பல நிமிடங்கள் ஆழத்தில் இரைதேடிவிட்டு மேலே வரும். வந்ததும், சில விநாடிகள் இடைவெளி விட்டுப் பல தடவை மூச்செடுக்கும். ஒவ்வொரு மூச்சும் பனைமரத்தில் பாதி உயரத்துக்கு வெண்புகையாக எழும். போதிய காற்றைச் சேர்த்துக்கொண்ட பின்னரே முதுகை வளைத்து, வாலைத் தூக்கி, மீண்டும் இறங்கும். அது இறங்கிய இடத்தில் எண்ணெய் ஊற்றியதுபோல ஒரு வட்டம் சற்று நேரம் அலையில்லாமல் கிடக்கும். இந்த மூச்செடுக்கும் நேரம்தான் படகுக்காரர் பார்வையாளருக்குக் காட்டும் நேரமும். வெண்புகை எழுந்ததும் ஒரு படகோட்டி கைத்தொலைபேசியில் மற்றவருக்குச் சொல்ல, நாலு பக்கத்திலிருந்தும் படகுகள் முழு வேகத்தில் வந்து, போகும் வழியை மறித்து முன்னால் நிற்கின்றன. திமிங்கிலம் மூச்செடுப்பதைப் பாதியில் விட்டு மூழ்கிவிடுகிறது. அது மறுபடி எழும்பும் இடத்தை ஊகித்துத் துரத்தல் திரும்பவும் தொடங்குகிறது. ஒரு காலையில் இப்படி நாலைந்து முறை நடந்தால் அன்றைக்கு அது தின்ற இரை எவ்வளவு, செலவிட்ட சக்தி எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். தாயும் குட்டியும் சேர்ந்து வரும்போது நடுவில் படகு புகுந்துவிட்டால் விளைவு இன்னும் மோசம்.

சட்டம் இல்லாமல் இல்லை. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் 2012இல் வர்த்தமானியில் வெளியான கடல் பாலூட்டிகளைப் பார்வையிடுவதற்கான ஒழுங்குவிதிகள் அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்குகின்றன. 100 மீற்றருக்குள் நெருங்கக் கூடாது என்றும் விதிக்கின்றன. அந்த 100 மீற்றரைக் கடலில் நின்று பார்ப்பவர் யார் என்பதுதான் கேள்வி. இதற்குப் படகோட்டிகளை மட்டும் குற்றம் சொல்ல என்னால் முடியாது. பெருந்தொகை கட்டி ஏறிய பயணி கையில் கமராவை வைத்துக்கொண்டு, "தம்பி, இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்கோ" என்று கேட்கும்போது, தூரத்தில் நிற்கும் படகோட்டிக்குச் சலிப்பும், பக்கத்தில் போய்க்காட்டும் படகோட்டிக்குப் பணமும் பாராட்டும் கிடைக்கின்றன. விதியை மதிப்பவர் நட்டப்படும் நிலை இருக்கும்வரை விதி கடதாசியில்தான் இருக்கும். எல்லாப் படகுக்கும் ஒரே கட்டுப்பாடு இறுக்கமாக அமுலானால், நேர்மையான படகோட்டிக்கே அது முதலில் பாதுகாப்பாக அமையும்.

ஒழுங்கில்லாத சுற்றுலா என்ன செய்யும் என்பதற்கு நாங்கள் தெற்கு வரை போகத் தேவையில்லை. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு தேசிய பூங்காவாகிய பின்னரும், அளவில்லாமல் வந்தவர்களின் காலடியில் முருகைக்கற்கள் நொறுங்கியதை இந்த ஊர் கண்ணால் கண்டது.

அதேநேரம், சிறிய படகுகளை மட்டும் பிடித்துக்கொண்டு பெரிய கப்பல்களை விட்டுவிடுவது அநீதியாகும். 2012 மார்ச் மாதம் கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்த ஒரு கொள்கலன் கப்பலின் முகப்பில் இறந்த நீலத் திமிங்கிலம் ஒன்று மாட்டிக் கிடந்தது. இலங்கையின் தென்கோடியாகிய தெவிநுவர முனைக்குத் தெற்கே செல்லும் உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளுள் ஒன்று, திமிங்கிலங்கள் இரைதேடும் பகுதியின் குறுக்காகவே போகிறது. அப்பாதையை 15 கடல்மைல் தெற்கே தள்ளினால் மோதும் ஆபத்து 95 சதவீதம் குறையும் என்று 2016இல் வெளியான ஆய்வு கணித்தது. உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல் நிறுவனமாகிய எம்எஸ்சி 2022இல் எவரும் கட்டாயப்படுத்தாமலே தன் கப்பல்களை அப்படித் திருப்பத் தொடங்கியது. ஆனால் எல்லாக் கப்பல்களுக்குமான பாதையை மாற்ற வேண்டுமானால் இலங்கை அரசு சர்வதேச கடல்சார் அமைப்பிடம் முறைப்படி முன்மொழிய வேண்டும். துறைமுக வருமானம் குறைந்துவிடும் என்ற தயக்கம் ஆராயப்பட வேண்டியதுதான். எனினும், கப்பல்கள் விலகிப் போனால் அதே நீரில் இரவில் வலைவிரிக்கும் மீனவரின் உயிருக்கும் ஆபத்து குறையும் என்பதையும் அந்தத் தராசில் வைக்க வேண்டும். மிரிஸ்ஸவில் பார்க்கப்படுவதும் திருகோணமலையில் பார்க்கப்படுவதும் இதே வட இந்து சமுத்திரக் கூட்டம்தான் என்பதால், தெற்குப் பாதை எங்களுடைய கவலையும் ஆகும்.

எனவே அடுத்த பருவத்துக்கான அனுமதிப்பத்திரங்களை வழங்குமுன், ஒரு திமிங்கிலத்தின் அருகே ஒரே நேரத்தில் நிற்கக்கூடிய படகுகளின் உச்ச எண்ணிக்கையையும் அங்கே தங்கக்கூடிய நேரத்தையும் திருகோணமலைக்கென வகுத்து, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, ஒவ்வொரு படகிலும் பயணிகளின் கண்ணில் படும்படி ஒட்டச் செய்யுமாறு வனசீவராசிகள் திணைக்களத்தைக் கேட்டுக்கொள்கிறேன். பருவ நாட்களின் காலையில் கரையோரப் பாதுகாப்புப் படையின் ஒரு படகாவது அப்பகுதியில் நிற்க வேண்டும். இக்கடலைச் சிறுவயது முதல் அறிந்த மீனவக் குடும்பத்து இளைஞர்களுக்கு முறையான பயிற்சியளித்து, படகுக்கு ஒருவராக வழிகாட்டிகளாக அமர்த்தினால் விதியும் காக்கப்படும், அவர்களுக்கு மீன்படாத நாட்களில் ஒரு வருமானமும் கிடைக்கும். சுவாமிமலையில் கோயிலின் அமைதிக்கும் வழிபாட்டுக்கும் இடையூறில்லாத ஓரிடத்தில் தொலைநோக்கிகளுடன் பார்வை மேடை ஒன்று அமைந்தால், படகுக்குப் பணமில்லாத பாடசாலை மாணவரும் திமிங்கிலத்துக்குத் துளித் தொந்தரவுமின்றி அதைப் பார்க்கலாம். படகோட்டிகள் கண்ட திமிங்கிலங்களின் நாளும் இடமும் வால் படமும் பதிவாகி தேசிய நீர்வள ஆராய்ச்சி நிறுவனமாகிய நாராவுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆண்டு முடிவில் அந்தப் பதிவு திருகோணமலை மக்களுக்குத் தமிழில் வெளியிடப்படவும் வேண்டும்.

இப்படிக்கு,
உப்புவெளி வாசகர் ஒருவர்,
திருகோணமலை.