செயலரின் ஆண்டறிக்கை: 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை

ஆயர் ஐயா அவர்களுக்கும், ஆயரம்மா அவர்களுக்கும், கமிட்டி அங்கத்தினர்களுக்கும், ஏப்ரல் 27 பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் சபையார் அனைவருக்கும் கர்த்தரின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

இந்த ஆண்டில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர்களின் பெயர்களை ஆயர் ஐயா ஜெபத்தில் வாசிப்பார். அவர்கள் குடும்பங்களுக்கு நம் ஆறுதல்.

ஆராதனைகளும் திருவிருந்தும் தடையில்லாமல் நடந்தன. மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி நடந்தது. பெண்கள் ஐக்கிய சங்கம் மாதக் கூடுகையை ஒரு மாதம்கூட விடவில்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பரங்கிக்காய் மூன்று பேர் கைமாறி, மூன்று முறையும் கோயிலுக்கே திரும்பி வந்தது. கடைசியில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரான கோயில்பிள்ளை வீட்டுக்குப் போனது. கிறிஸ்துமஸுக்கு ஆயத்தப்படும் அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு டிசம்பர் 1 அன்று, அதாவது ஃபெஞ்சல் புயல் கரை கடந்த மறுநாள், பாடகர் குழுவில் பாதிப் பேருக்கு வர வழியில்லை. கேரல் ரவுண்ட்ஸ் ஐந்து இரவுகள் போனோம். காப்பி, பலகாரம் கொடுத்த வீடுகளுக்கு நன்றி.

இனி ஹால் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் நம் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்ததும் அந்த வெள்ளத்தில்தான். நம் பாரிஷ் ஹால் தெருவைவிட உயரம் என்பதால் உள்ளே தண்ணீர் ஏறவில்லை. பின் தெருக் குடும்பங்கள் நான்கு நாட்கள் அங்கே தங்கின. மூன்றாம் நாள் கரண்ட் வந்த ராத்திரி, நான் கதவைப் பார்க்கப் போனபோது பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஃபேனுக்கு நேர்கீழே உட்கார்ந்து சமூக அறிவியல் புத்தகத்தைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். பக்கம் பக்கமாகப் பிரித்து, ஒட்டிய இடத்தில் ஊதி, பறக்காமலிருக்க நம் பாட்டுப் புத்தகங்களை மேலே வைத்திருந்தாள். மழையால் அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போயிருந்த நேரம் அது. “அங்கிள், தண்ணி வடிஞ்சப்புறமும் சாயங்காலம் இங்க வந்து படிக்கலாமா?” என்று கேட்டாள். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. கமிட்டியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கமிட்டி பதில் சொல்ல மே மாதம் ஆகிவிட்டது. மூன்று கூட்டங்களில் பேசினோம். எதிர்ப்புச் சொன்னவர்களை நான் குறை சொல்லவில்லை. வாடகை போய்விடும் என்றார்கள், உண்மை. கரண்ட் பில் ஏறும் என்றார்கள், ஏறியது. எல்லாச் சாதி, எல்லா மதப் பிள்ளைகளும் ராத்திரி ஒன்பது மணிவரை இருந்தால் பொறுப்பு யாருடையது என்றார்கள், நியாயமான கேள்வி. வேதாகமத்தில் கானான் தேசத்தை வேவு பார்க்கப் போன பன்னிரண்டு பேரைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசினேன். பத்துப் பேர் ராட்சதரைக் கண்டு பயந்தார்கள். காலேபும் யோசுவாவும் கண்டது அதே ராட்சதரைத்தான். அங்கே ராட்சதர் இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை, போகலாம் என்று மட்டும் சொன்னார்கள். எனக்கும் பயம் இருந்தது. ஆனாலும் பூட்டிக் கிடக்கும் ஹாலுக்கு நாம் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

பழைய கதையையும் சொன்னேன். 1837இல் ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் நம் கூப்பிடு தூரத்தில், ஜார்ஜ் டவுனில் தொடங்கிய பள்ளிதான் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. 1937இல் அது தாம்பரத்துக்குப் போனது. பிற்பாடு நம் சபைக் குடும்பங்கள் பலவும் அந்தப் பக்கமே போயின. பிள்ளைகள் மட்டும் இங்கே இன்னும் பிறந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

பெரியவர் ஒருவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் அவர் கருத்து மாறவில்லை. ஆனால் ஆண்டுதோறும் முதல் ஆளாகச் சந்தா கட்டுகிறவர் அவர்தான். அதற்காக அவருக்கு என் வணக்கம்.

2024 ஜூன் 10 அன்று பள்ளிகள் திறந்தன. அந்த வாரமே மாலை ஆறரைக்கு ஹாலைத் திறந்தோம். முதல் நாள் ஆறு பிள்ளைகள். ஆடி மாதம் முடிவதற்குள் ஓய்வுநாள் பள்ளி பெஞ்சுகள் போதாமல் பாய் விரித்தோம். போன்களை வாசலில் எவர்சில்வர் தட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். யாரையும் ஜெபிக்கச் சொல்வதில்லை. உட்கார்ந்ததும் ஒரு நிமிடம் அமைதி, பிறகு படிப்பு, அவ்வளவுதான். இந்தப் பிள்ளைகளின் வீடுகளை நேரில் போய்ப் பார்த்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி ஒரே அறை. ஒரு மூலையில் சமையல், ஒரு மூலையில் டிவி, நடுவில் காசிமேட்டில் விடியற்காலை ஏலத்துக்குப் போக வேண்டிய அப்பா எட்டு மணிக்கே தூங்குகிறார். பிள்ளை தெருவிளக்கில் படிக்கிறது. நம் ஹாலில் நாம் கொடுப்பது இரண்டரை மணிநேர வெளிச்சமும் ஒரு ஃபேனும்தான். அதற்கே ஒரு தாய் கோயில் வாசலில் நின்று அழுதார்.

புத்தகம் காயவைத்த அந்தப் பெண் இப்போது பிளஸ் ஒன் முடித்திருக்கிறாள். சிறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள். இந்த ஆண்டு நம் ஹாலில் படித்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மார்ச் 28 அன்று பரீட்சை எழுதத் தொடங்கி ஏப்ரல் 15 அன்று முடித்துவிட்டார்கள். முடிவுக்காகக் காத்திருக்கிறோம். அவர்களுக்காக ஜெபியுங்கள்.

அப்புறம் சந்தா. இதைச் சொல்லாமல் விட முடியாது.

வெளியே குடிபோன குடும்பங்கள் பல, பெயரைப் பட்டியலில் வைத்துக்கொண்டு மூன்று நான்கு ஆண்டுகளாகச் சந்தா கட்டவில்லை. வீட்டில் கல்யாணம் வந்தால் ஆராதனையில் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிக்க வேண்டும், துக்கம் வந்தால் கல்லறைக்குக் கடிதம் வேண்டும். அன்றைக்கு நிலுவை முழுவதையும் எண்ணி வைத்துவிட்டு, செயலர் கறாராக இருக்கிறார் என்று வருத்தப்படுகிறார்கள். துக்க வீட்டில் நின்று பாக்கி கேட்க எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தூரம் என்கிறார்கள். விம்கோ நகர் வரை மெட்ரோ வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இதே சபையில் படகுத் தொழிலை நம்பியிருக்கும் குடும்பங்கள், ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் மீன்பிடித் தடை என்று தெரிந்து, தடைக்கு முன்பே சந்தாவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டன. அந்தக் கவரில் பத்து ரூபாய் நோட்டுகள்தான் அதிகம்.

கமிட்டிக் கூட்டங்களில் இரண்டு முறை கோரம், அதாவது குறைந்தபட்சம் வேண்டிய ஆள் எண்ணிக்கை, இல்லாமல் கலைந்தோம். காரணம் யாரையும் கேட்கவில்லை.

கணக்கைப் பொருளாளர் அண்ணன் தனியாக வாசிப்பார். சுருக்கமாக: வரவு போன ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு, செலவு கொஞ்சம் அதிகம். ஒரு காரணத்தை மட்டும் விளக்க வேண்டும். 2024 ஈஸ்டர் மார்ச் 31, 2025 ஈஸ்டர் ஏப்ரல் 20. நடுவிலிருக்கும் இந்த நிதியாண்டில் ஈஸ்டரே வரவில்லை. ஆகவே ஈஸ்டர் காணிக்கை என்ற வரி வெறுமையாக இருக்கிறது. ஹாலால்தான் நஷ்டம் என்று பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஆயர் ஐயாவின் ஆலோசனைக்கும், பொருளாளர், தணிக்கையாளர், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள், பாடகர் குழு, வாலிபர் சங்கத்தார் அனைவருக்கும் நன்றி. ஒவ்வொரு ராத்திரியும் பாயைச் சுருட்டி, ஹாலைப் பெருக்கி, அதற்கென்று ஒரு பைசா கேட்காத கோயில்பிள்ளைக்கு விசேஷ நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுகிறேன். நேற்று முன்தினம் குரூப் 4 அறிவிப்பு வந்துவிட்டது, ஜூலை 12 தேர்வு. வேலைக்குப் போய்க்கொண்டே தயாராகும் இளைஞர்கள் காலை ஐந்து மணிக்கு ஹாலைத் திறக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் சகோதரர்கள் சிலர், ஞாயிறு மத்தியானம் தங்கள் மொழியில் ஆராதிக்க இடம் கேட்கிறார்கள். இரண்டையும் கர்த்தர் நம் வாசலுக்கு அனுப்பியதாகவே நான் நம்புகிறேன். முடியாது என்று அனுப்பிவிட என்னால் முடியவில்லை. முடியும் என்று தனியாகச் சொல்லவும் எனக்கு அதிகாரமில்லை. இன்வெர்ட்டர் ஒன்று வேண்டும். பின்பக்கக் கழிவறைக்குக் கதவு மாற்ற வேண்டும். நிலுவையில் பாதி வந்தாலே இரண்டும் முடிந்துவிடும்.

பணத்தைவிட ஆள்தான் தேவை. ஹால் சாவி இப்போது என்னிடம் மட்டும் இருக்கிறது. எனக்கு ஷிஃப்ட் மாறுவதால் செவ்வாய், வியாழன் மாலைகளில் திறக்க முடியாது. பெயர் கொடுக்க விரும்புகிறவர்களுக்காக ஒரு நோட்டைப் பின்பெஞ்சில் வைத்திருக்கிறேன், பேனாவும் அதிலேயே கட்டியிருக்கிறது.