அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே

ஹூஸ்டன்
மார்கழி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. போனில் கேட்டால் அம்மா காதில் விழும் என்றுதான் நீ எழுதிக் கேட்டிருக்கிறாய். அதே காரணத்தால் நானும் போனில் பதில் சொல்லாமல் நாளைக் கடத்திவிட்டேன், மன்னித்துக்கொள். சித்தி மகன் சொன்னது உண்மைதான். துப்பாக்கி ஒன்று பார்த்துவைத்திருக்கிறேன். இன்னும் கைக்கு வரவில்லை.

கடையில் ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை நான் ஒருவன்தான் என்பது உனக்குத் தெரியும். ஐப்பசியில், நாலு தெரு தள்ளி ஒரு பெட்ரோல் பங்க் கடையில் ஒருவன் புகுந்து, கல்லாவில் இருந்த நேபாளத்துப் பையனைத் தோளில் சுட்டுவிட்டுப் போய்விட்டான். பையன் பிழைத்துவிட்டான். பணத்தை எடுத்துக் கொடுத்த பிறகுதான் சுட்டிருக்கிறான். அன்றிலிருந்து கதவு மணி அடித்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. முதலாளி குஜராத்திக்காரர், நல்ல மனுஷர். கேட்டேன், சரி என்றார். அவர் வேண்டாம் என்றிருந்தால் கடைக்குள் கொண்டுபோக முடியாது.

நீ பயப்படுவது போல இது சட்டவிரோதம் இல்லை. வேலை விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. எனக்குத்தான் கிரீன் கார்டு வந்துவிட்டதே. டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, 21 வயதுக்கு மேல், தடை எதுவும் இல்லாதவர்கள் கைத்துப்பாக்கியை லைசென்ஸ் இல்லாமலே மறைத்து எடுத்துப்போகலாம். ஆனாலும் நான் லைசென்ஸ் எடுக்கத்தான் போகிறேன். கட்டணம் 40 டாலர், வகுப்பு தனி. 3 கஜம், 7 கஜம், 15 கஜத்தில் நின்று மொத்தம் 50 தோட்டா சுட்டுக் காட்ட வேண்டும். அப்பா பிள்ளை காகிதம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கிறான் என்று யாரும் சொல்லக்கூடாது.

எதை வாங்குவது என்பதற்குப் பக்கத்து வீட்டுக் கிழவர்தான் வழிகாட்டி. போன கடிதத்தில் எழுதினேனே, குப்பை போடப் போகும்போதுகூடத் தொப்பி வைத்துக்கொண்டு போவாரே, அவர். வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். இந்தக் குளிருக்கு நான் வைக்கிற ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிப்பார். நாற்பது வருஷமாக வலது பேண்ட் பாக்கெட்டில் சின்ன ரிவால்வர் வைத்திருக்கிறாராம். இரண்டு வருஷமாகப் பக்கத்தில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

சுடுகிற கூடத்துக்குக் கூட்டிப்போய் மூன்று துப்பாக்கிகளை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தார். முதலாவது ரூகர் எல்சிபி. தோட்டா போடாமல் சுமார் 270 கிராம்தான், பர்ஸ் போலத் தட்டை. பாக்கெட்டில் இருப்பதே தெரியாது என்று ஆசைப்பட்டேன். ஆனால் எடை குறையக் குறைய உதை கூடுகிறது அக்கா. பிடியில் என் இரண்டு விரல்தான் நின்றது. பத்துத் தோட்டாவில் உள்ளங்கை சிவந்துவிட்டது. அடுத்தது சிக் பி365. மூன்றில் எனக்குக் குறி நன்றாக விழுந்தது இதில்தான், பத்துத் தோட்டாவுக்கு மேல் பிடிக்கும். அரை கிலோ. கடைக்குப் போட்டுப்போகிற பேண்டில் வைத்தால் துருத்திக்கொண்டு நிற்கிறது, உட்கார்ந்தால் தொடையைக் குத்துகிறது.

மூன்றாவது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642. ஐந்து தோட்டா ரிவால்வர், 400 கிராமுக்குக் கொஞ்சம் மேல். பின்னால் இருக்கும் சுத்தி உடம்புக்குள்ளேயே மறைந்திருப்பதால் உருவும்போது துணியில் மாட்டாது. விசை கனம். மனதார இழுத்தால்தான் சுடும். எனக்கு அந்தக் கனம் பிடித்திருந்தது. ஐந்து தோட்டா போதுமா என்றேன். குறி தவறாமல் சுடப் பழகு, மாதம் ஒரு தரமாவது வந்து சுடு என்றார். சின்னத் துப்பாக்கியில் குறி பார்க்கிற முன் முனைக்கும் பின் முனைக்கும் நடுவே இடைவெளி குட்டை என்பதால் கை கொஞ்சம் அசைந்தாலும் எங்கோ போய்விடுகிறது. அதனால் பழக்கம் விடக்கூடாது.

அதைத்தான் எடுத்திருக்கிறேன். 500 டாலரை ஒட்டி விலை. தவணையில் கட்டுகிறேன். கையில் இல்லாமல் இல்லை, கணக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்றுதான். கடைசித் தவணை அன்றுதான் படிவம் நிரப்பி, எஃப்.பி.ஐ. பதிவேட்டில் சரிபார்த்துத் தருவார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறேன். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய?

கிழவர் ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறார். விசையை மூடுகிற உறை இல்லாமல் பாக்கெட்டில் போடவே கூடாது, அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும் இருக்கக்கூடாது. சாவியோ பேனாவோ விசைக்குள் நுழைந்தால் ஆபத்து. குளிர் கோட்டிலும் வைக்கக்கூடாது, கோட்டை எங்காவது கழற்றிப் போட்டுவிடுவோம். அன்றைக்கு உறையை மட்டும் வைத்துப் பார்க்கச் சொன்னார். வெளியே எடுத்தபோது அதன் மேல் செம்மண் தூள். என்ன இது என்று கேட்டார்.

ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மா மடித்துக் கொடுத்தாளே, சங்கரன்கோவில் புற்றுமண், அந்தப் பொட்டலம்தான் அக்கா. காகிதம் நைந்து ஓரம் கிழிந்துபோயிருக்கிறது. தினம் வலது பாக்கெட்டில்தான் வைப்பேன். அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எங்கள் ஊர் மண் என்றேன். அவர் உறையைத் தட்டாமல் என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். இப்போது புற்றுமண் இடது பாக்கெட்டில் இருக்கிறது. பழக்கத்தில் கை வலது பக்கமே போகிறது.

அவர் சமையல் மேசையில் செய்தித்தாள் விரித்துத் துப்பாக்கி துடைப்பதைப் பார்த்தால் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறது. அந்த எண்ணெய் வாசனைகூட. குழலை மடக்கித் திறந்து, தோட்டா இல்லை என்று காட்டிவிட்டுத்தான் நம் கையில் தருவார், ஞாபகம் இருக்கிறதா? எலுமிச்சைத் தோட்டத்தில் பன்றி இறங்கும் ராத்திரிகளில் வானத்தைப் பார்த்து ஒன்று சுடுவார். நாம் இரண்டு பேரும் கட்டிலுக்கு அடியில். விடிந்ததும் ஈரத்தில் கிடக்கும் தோட்டாக் கூட்டை நீதான் முதலில் எடுப்பாய். நேற்று வேலை முடிந்து வந்து இதையெல்லாம் நினைத்துக்கொண்டு படுத்தேன், தூக்கம் வரவில்லை.

சரி, இனி அண்ணன் விஷயம். அப்பா துப்பாக்கி லைசென்ஸை அவன் பெயருக்கு மாற்ற என் சம்மதம் வேண்டும் என்று எழுதியிருந்தாய். எனக்கு மறுப்பே இல்லை. கையெழுத்துப் போட்ட காகிதம் இதோடு இருக்கிறது. கலெக்டர் ஆபீஸில் வேறு மாதிரி கேட்டால் மாதிரிப் படிவம் வாங்கி அனுப்பச் சொல். உன் கையெழுத்தையும் இழுத்தடிக்காமல் போட்டுக்கொடு. தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்தால் ரசீது வாங்காமல் வரக்கூடாது என்று அவனிடம் சொல், அப்பா அந்த ரசீதுகளை ஒன்றுகூடத் தூக்கிப் போட்டதில்லை.

மோட்டார் காயில் கட்டும் பணம் அடுத்த மாதம் முதல் வாரம் வந்துவிடும். மருமகள் சடங்குக்கு வர முடியாது. மாமன் சீருக்கு என்ன குறையும் வைக்கமாட்டேன், பட்டு எந்த நிறம் வேண்டும் என்று அவளையே கேட்டு எழுது. அத்தான் முட்டுவலிக்கு ஊசி போட்டாரா? அம்மா கேட்டால் நான் இப்போது பகல் வேலையில் இருக்கிறேன் என்று சொல்.

உன் தம்பி