ஜீப் கூலி பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

வரும் ஒன்றாம் தேதி முதல், ஜீப் மட்டுமே ஏறும் ஊர்களுக்கு எங்கள் கடையிலிருந்து அனுப்பும் ஓர் அரிசிச் சிப்பத்துக்கு வண்டிக் கூலி 25 ரூபாயிலிருந்து 40 ரூபாய் ஆகிறது. தார் ரோட்டு ஊர்களுக்குப் பழைய கூலிதான். கூலி கூடியதை நீங்கள் கேட்பது நியாயம். ஆனால் "ஆள் குறைந்த ஊரென்று நம்மை ஒதுக்குகிறார்கள்" என்று ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை.

எந்த ஊருக்கும் தலையை எண்ணிக் கூலி போட்டதில்லை. எண்ணவும் வழியில்லை. கையில் இருக்கும் மக்கள்தொகைக் கணக்கு 2011-இல் எடுத்தது. அதிலும் வருவாய் கிராமத்துக்குத்தான் எண் உண்டு; அதற்குள் அடங்கிய 14 வீட்டுக் குக்கிராமத்துக்குத் தனி எண் கிடையாது. காப்பிப் பழம் எடுக்கும் மார்கழி, தையில் வீடு நிறைந்திருக்கும். பழம் முடிந்ததும் பாதிப் பேர் வேலை தேடிக் கீழே இறங்கிவிடுவார்கள். வீடு அதே 14, அரிசி பாதி.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஏற்றும் மூட்டை 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு வருகிற செலவு எல்லா ஊருக்கும் ஒன்றுதான். வித்தியாசம் தார் முடிந்தபின் வரும் மண் ஏற்றத்தில். அங்கே டாடா ஏஸ் போனால் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும், கிளட்ச் கருகும். அதனால் நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப். அதிலும் 26 கிலோ சிப்பம் 12-க்கு மேல் ஏற்றுவதில்லை. முன்சீட்டை ஒட்டித்தான் அடுக்க வேண்டும். பின்கதவுப் பக்கம் பாரம் போனால் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் சொன்ன பேச்சு கேட்காது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் லைனிங் சூடாகிப் பிடி விட்டுவிடும். இந்தத் தடம் தெரிந்த ஓட்டுநர் போன மாதம் சேலத்துக்கே வேலைக்குப் போய்விட்டார். புது ஆளுக்குக் கூடுதல் சம்பளம்.

ஒரு நடைக்கு 5 லிட்டர் டீசல், ஓட்டுநர், சுமை இறக்குபவர், தேய்மானம் எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய். 12 சிப்பம் போனால் ஒன்றுக்கு 100 விழுகிறது. 5 தான் என்றால் 240. நாங்கள் வாங்குவது 40. மீதியை மளிகைச் சாமான் லாபத்தில் சரிக்கட்டுகிறோம். ஒதுக்குகிறவர்கள் இப்படிச் செய்வார்களா?

ஆகவே ஒரே தடத்து ஊர்கள் சேர்ந்து சொல்லுங்கள். செவ்வாய் மாலை 6 மணிக்குள் 12 சிப்பம் சேர்ந்தால் அந்த நடைக்குக் கூலி 30 ரூபாய்தான். வண்டி புதன்கிழமை வரும். வெள்ளிக்கிழமை நடை இனி இல்லை.

சாலை கேட்கும்போதும் இந்தச் சேர்க்கை உதவும். 2000-இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில், சமவெளியில் 500 பேர் இருக்கும் குடியிருப்புக்குத்தான் தகுதி என்று வைத்தார்கள். ஆனால் மலையில் 1.5 கிலோமீட்டர் நடைபாதைத் தூரத்துக்குள் இருக்கும் குடியிருப்புகளை ஒன்றாகக் கூட்டி எண்ணலாம் என்பதும் அதே திட்டத்தின் விதி. நம் ஆட்கள் ஊருக்கு ஒரு மனுவாகக் கொடுப்பதால் ஒவ்வொன்றிலும் எண் சிறுத்துப் போகிறது. அடுத்த கிராம சபையில் பக்கத்து ஊர்களின் ரேஷன் கார்டு எண்ணிக்கையையும் பாதைத் தூரத்தையும் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுத்துப் பாருங்கள். தார் வந்த அன்றே டாடா ஏஸ் வரும், ஜீப் கூலி இல்லாமல் போகும்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதை சரிந்தபோது, சாமான் தாமதமாகியும் எங்களுக்காகக் காத்திருந்தீர்கள். பலர் பழைய பாக்கியைக்கூட அந்த வாரமே கொண்டுவந்து கட்டினீர்கள். அதற்கு எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

கணக்கில் சந்தேகம் இருப்பவர்கள் கடைக்கு வாருங்கள், நடைக் கணக்கு நோட்டு மேசை மேலேயே இருக்கும்.

அன்புடன்,
கடை உரிமையாளர்,
ஒண்டிக்கடை, ஏற்காடு