ஸாலிப்பியே கிராமத்துக்குக் கிளம்பும் நண்பர்களுக்கு

அன்பு நண்பர்களே,

போலந்தில் படிக்கவும் வேலை பார்க்கவும் வந்திருக்கும் நம்மவர்கள் பலர், கிராகோவிலிருந்து வார இறுதியில் ஸாலிப்பியேவுக்குப் போகிறீர்கள். டார்னோ நகருக்கு வடக்கே, வீடெல்லாம் பூ வரைந்திருக்கும் அந்தச் சின்னக் கிராமத்துக்குத்தான். அவசியம் போங்கள். போவதற்கு முன் இதை மட்டும் படித்துவிடுங்கள்.

போன கோடையில் நான் அங்கே நின்றுகொண்டிருந்தபோது ஒரு குழு வந்தது. வேலிக்கதவைத் தாங்களே திறந்து உள்ளே போய், கிணற்றுச் சுவர்மேல் ஏறிப் படமெடுத்தார்கள். வீட்டுக்குள் ஒரு பாட்டி ஜன்னல் திரையை இழுத்து மூடினார். எனக்குக் கூசிப்போனது.

அந்தப் பூக்கள் நமக்காக வரைந்தவை அல்ல. ஒரு காலத்தில் அங்கே அடுப்புக்குப் புகைபோக்கி கிடையாது. சமைத்த புகை அறைக்குள்ளேயே சுற்றி, சுவரெல்லாம் கரி அப்பிக்கிடக்கும். அந்தக் கருப்பின் மேல் பெண்கள் சுண்ணாம்பால் பொட்டுப் பொட்டாக வைத்தார்கள். புகைபோக்கி வந்ததும் சுவர் வெளுத்தது, பொட்டுகள் மெல்லப் பூவாயின. அப்புறம் மாட்டுவால் முடியில் தூரிகை கட்டி, வீடு, களஞ்சியம், கிணறு என்று ஒன்றையும் விடவில்லை. ஒரு நாய்க்கூண்டைக் குனிந்து பார்த்தேன். நாய் தலை நீட்டும் வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு இதழ்கள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் மெல்லிய வெள்ளைக் கோடு. நாய்க்கு எதற்கு என்று யாரும் யோசிக்கவில்லை பாருங்கள், அதுதான் என் மனதைத் தொட்டது.

1948-இல், போர் முடிந்து மூன்றே ஆண்டில், வீடுகளுக்கு வண்ணம் தீட்டும் போட்டியை அங்கே தொடங்கினார்கள். இன்றும் கத்தோலிக்கர்கள் கொண்டாடும் கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவை ஒட்டித்தான் அது நடக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? அந்த ஊர் ஓவியப் பெண்மணி ஃபெலிட்சியா ட்சுரிவோவா (1904–1974) தன் வீட்டைச் சுவர் முதல் கூரை வரை பூவால் நிறைத்தவர். அந்த வீடு இப்போது அருங்காட்சியகம். சீட்டு வாங்கி நிதானமாகப் பாருங்கள். ஓவியப் பெண்களின் கூடமான டோம் மலாரெக்குக்குப் போங்கள். அங்கே கையால் தீட்டிய ஒரு தட்டாவது பேரம் பேசாமல் வாங்குங்கள்.

மற்றவையெல்லாம் குடும்பங்கள் வாழும் வீடுகள். வேலிக்கு வெளியே நின்று "ஜென் டோப்ரி" என்று போலிஷ் மொழியில் வணக்கம் சொல்லிக் காத்திருங்கள். கூப்பிட்டால் போங்கள். கூப்பிடவில்லையென்றால் சாலையில் நின்றே பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்